நாடாவால் சுறா கிடைத்த இடம்

ஜூன் 14, வெள்ளி

இந்த நோட்டு என்னுடையது அல்ல. நேற்று ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த மேடம் கொடுத்துவிட்டுப் போனது. பெயர் மங்கையர்க்கரசி, ஊர் திருநெல்வேலி. குளச்சலில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஒவ்வொரு கடையாக 'ஸ்ராங்கு ரெமிஜியுஸ் வீடு எது' என்று கேட்டு வந்திருக்கிறார். போட்டை ஓட்டுகிறவனை எங்கள் பக்கம் ஸ்ராங்கு என்போம். போலீஸோ என்று பயந்து டீக்கடைக்காரன் எனக்கு முன்கூட்டியே போன் போட்டுவிட்டான்.

நோட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் கட்டம் அடித்திருக்கிறது. தேதி, இடம், ஆழம், மீன், குறிப்பு. குறிப்புக் கட்டம்தான் பெரிது. "தடைக்காலம் முடியிற வரைக்கும் சும்மாதான இருப்பீங்க அண்ணாச்சி, ஞாபகம் வர்றதையெல்லாம் எழுதுங்க. எது முக்கியம்னு நான் பாத்துக்கிறேன்" என்றார். சும்மா இருக்கிறேனாம். போட்டு கேரளத்து நீண்டகரையில் கட்டிக் கிடக்கிறது, உண்மை. ஆனால் ஐம்பத்திரண்டு நாளுக்கும் என் மனைவி ரோணிக்கம் வேலை எழுதி வைத்திருக்கிறாள். அவள் பட்டியலுக்கு முன்னால் இந்த நோட்டு ஒன்றுமே இல்லை.

மேடத்துக்கு வேண்டியது ஒரு சுறா. சுறா என்றதும் ஆளை விழுங்குகிற ஜாதி என்று நினைக்கவேண்டாம். நன்றாக வளர்ந்ததே ஒரு சாணும் இரண்டு விரலும்தான். தவிட்டு நிறம். வால் மட்டும் நாடாவாட்டம் நீண்டு, குறுக்கே கறுப்புப் பட்டை. கண் உடம்புக்குப் பொருந்தாத பெரிசு, பச்சையாக இருக்கும். ஆழத்துச் சிவப்பு இறாலுக்கு மடி, அதாவது இழுவலை, இழுக்கும்போது கூடவே ஏறி வரும். யாரும் தின்பதில்லை. மற்றக் கழிவு மீனோடு கோழித்தீவனத்துக்குப் போய்விடும். எங்கள் ஆட்கள் அதற்கு ஒரு பெயர்கூட வைத்ததில்லை. புத்தகத்தில் நாடாவால் சுறா என்று எழுதுவார்களாம்.

இரண்டு வருஷமாக அவர் துறைமுகத்தில் கழிவுக் குவியலைக் கிளறிக்கொண்டு திரிந்திருக்கிறார். எனக்குத் தெரியாது. மற்றப் போட்டுகளில் ஒன்றிரண்டு கிடைத்ததாம். என் போட்டில் மட்டும் நிறைய, அதுவும் வயிற்றில் குட்டியோடு. ஒரு தாய்க்கு இரண்டு குட்டிக்குமேல் கிடையாது, ஒவ்வொன்றும் தாயில் பாதி நீளம். "இது குட்டி போடுற எடம் உங்க ஒருத்தருக்குத்தான் தெரியும் அண்ணாச்சி. அந்த எடத்த மட்டும் தொடாம விட்டா இது பொழச்சுக்கும்" என்றார்.

மார்க் கேட்டார், மீன் கிடக்கிற இடத்தின் எண். சொன்னேன். வடக்கு எட்டு நாற்பத்திரண்டு, கிழக்கு எழுபத்தைந்து ஐம்பத்தாறு. யோசிக்கவே இல்லை, வாயில் தானாக வந்தது. 'இடம்' என்ற கட்டத்திலும் அதையே எழுதியிருக்கிறேன்.

ஜூன் 16, ஞாயிறு

பூசையில் கடலில் இருப்பவர்களுக்கான மன்றாட்டு. தடைக்காலம், பட்டியல் சிறியது. வளைகுடாவுக்குப் போனவர்கள், கப்பலில் வேலை செய்கிறவர்கள், கடைசியாகக் காஸ்மீர்.

காஸ்மீர் என் தங்கை டெல்பினின் மாப்பிள்ளை. இரண்டு வருஷத்துக்கு முன் ஜனவரி பதினாலாம் தேதி என் போட்டிலிருந்து விழுந்தான். உடம்பு கிடைக்கவில்லை. அப்போது டெல்பின் ஏழு மாதம். இப்போது அந்தப் பிள்ளை அஞ்சலின் பூசை முடியும்வரை என் மடியில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருக்கிறாள்.

இறந்தவர்கள் பட்டியலில் அவன் பெயரை வாசிக்க டெல்பின் சம்மதிக்கவில்லை. தாலியைக் கழற்றவில்லை. கறுப்பு உடுக்கவில்லை. பங்குச்சாமியிடம் அவள் சொல்கிற நியாயம் இது.

"பதினோரு போட்டு, கோஸ்ட்கார்டு கப்பலு, ஒரு ஏரோப்ளேனு. நாலு நாளு அந்த எடத்த அரிச்சுப் பாத்திருக்கு. ஒரு செருப்புகூட கெடைக்கல்ல. அவரு அங்க செத்திருந்தா ஏதாவது கெடைக்காதா சாமி? ஏதோ கப்பலு தூக்கிட்டுப் போயிருக்கு. மின்னாடி வள்ளம் கவுந்தப்ப ஒண்ணர நாளு ஒரு கேனப் பிடிச்சிட்டுக் கெடந்து வந்தவருல்லா?"

அது உண்மை. ஒன்றரை நாள் கிடந்தான். கரையேறியதும் முதலில் கேட்டது பழங்கஞ்சி.

தேடிய இடத்தை எழுதின காகிதம் ஒன்று அவள் பைபிளுக்குள் இருக்கிறது. எட்டு நாற்பத்திரண்டு, எழுபத்தைந்து ஐம்பத்தாறு. ஜெபம் சொல்லும்போது அதன்மேல் கை வைத்துக்கொள்வாள். ஆமாம், மேடத்திடம் சொன்ன அதே எண்தான். மீன் இருக்கிற இடத்தில்தான் போட்டு நிற்கும், போட்டு நின்ற இடத்தில்தான் ஆள் விழுவான். இதில் எழுத என்ன இருக்கிறது.

ஜூன் 17, திங்கள்

மழை. ஓட்டுக்கூரையில் மூன்று இடத்தில் ஒழுக்கு. ஏணி வைத்து ஏறினேன், முட்டி வலிக்கிறது.

ஜூன் 21, வெள்ளி

மேடம் இதெல்லாம் தெரிந்துகொள்வது நல்லது. எங்கள் வயர்லெஸ்ஸில் யாரும் இருக்கிற இடத்தைச் சொல்லமாட்டோம். கேட்கிறவனும் உண்மை வரும் என்று கேட்பதில்லை. 'எங்க நிக்கீரு ஸ்ராங்கே' என்றால் 'இஞ்ச ஒண்ணுமில்ல, வெறும் சேறு' என்று பதில். மடி கிழியுமளவு இறால் கிடக்கும்போதும் குரலை அழுகிற மாதிரி வைத்துக்கொள்ளத் தெரியவேண்டும். அது தெரியாதவன் ஸ்ராங்கு ஆக முடியாது. லியோன்ஸ் ஸ்ராங்கு ஒருமுறை தன் மார்க்கை வடக்கே தள்ளித் தள்ளிச் சொல்லி, கணக்குப்படி கோழிக்கோட்டில் கரைமேல் ஏறிவிட்டான். அதைச் சொல்லி இப்போதும் அவனைக் கிண்டல் செய்வோம்.

நான் கரைப்பக்கம் பன்னிரண்டு மைல் தள்ளிச் சொல்வேன். வருஷக்கணக்காக ஒரே பொய். மாற்றி மாற்றிச் சொன்னால் மாட்டிக்கொள்வோம். மார்க் மிஷினை, அதாவது ஜி.பி.எஸ்ஸை, பார்ப்பதும் நான் மட்டும்தான். கூட இருக்கிற ஆட்களுக்குக் கடல் தெரியும், எண் தெரியாது.

தடைக்காலத்தில் அந்த மிஷினைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவேன். பீரோவின் மேல் துவர்த்துத் துண்டில் சுற்றி வைத்திருக்கிறது. ரோணிக்கம் தூசு தட்ட எடுக்கப் போனாள், சத்தம் போட்டேன். அவள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பிறகு நானே ஏறித் தூசு தட்டினேன்.

ஜூன் 25, செவ்வாய்

டெல்பின் வலைக்கம்பெனிக்கு வேலைக்குப் போகும்போது பிள்ளையை இங்கே விட்டுப்போவாள். இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். இன்று அஞ்சலின் நோட்டைப் பிடித்து இழுத்ததில் உள்ளே இருந்த சுறாப் படம் விழுந்தது. எடுத்து வைத்துக்கொண்டாள். "மாமா, இதுக்கு ஏன் கண்ணு பெருசு?" என்றாள். அங்கே இருட்டு, அதனால் என்றேன். லைட்டு போடவேண்டியதுதானே என்கிறாள்.

சாயங்காலம் டெல்பின் பிள்ளையின் கையில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டாள்.

"அண்ணே, இதுதானா அது?"

"எது?"

"அவரு கையில எடுத்தது."

அதுதான் என்றேன். அவளுக்கு அந்தக் கதையை நான்தான் சொன்னேன். அதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை. அன்றைய கடைசி மடி. மத்தியானம் மூன்று மணி. இறாலைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். கழிவுக்குள் கிடந்த ஒன்று போட்டின் மேல்தட்டிலேயே குட்டி போட்டது. இரண்டு குட்டி, உயிரோடு, அரைச் சாண் நீளம். காஸ்மீர் அதை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு வீல்ஹவுஸ் ஜன்னலுக்கு வந்து எனக்குக் காட்டினான். "மச்சான், பெத்தவ செத்துப் போச்சு. இதுவ ரெண்டும் துடிக்கிதுவ. எனக்கும் வீட்டுல ஒண்ணு வரப்போவுது, இதக் கொல்லாண்டாம்" என்றான். எறிந்தால் செத்துவிடும் என்று, பின்பக்கம் மடி ஏற்றுகிற இடத்தில் கம்பி கிடையாது, அங்கே குனிந்து தண்ணீரிலேயே கையை முக்கி விடப்போனான். ஒரு அலை வந்து போட்டு சாய்ந்தது.

டெல்பின் படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "அதுவ ரெண்டும் பொழச்சிருக்கும், என்னண்ணே?" என்றாள்.

பிழைத்திருக்கும் என்றேன்.

ஜூன் 28, வெள்ளி

மேடத்துக்காக ஒரு குறிப்பு. போன இரண்டு சீசனிலும் மடியில் இந்தச் சுறா எத்தனை வந்தது என்று எனக்கு எண்ணிக்கை தெரியாது. மடியின் அடி முடிச்சை அவிழ்த்துக் கொட்டும்போது நான் பார்ப்பதில்லை. வீல்ஹவுஸில் முன்பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பேன். கொட்டி முடித்து ஆட்கள் பேச ஆரம்பித்த பிறகுதான் திரும்புவேன். பேச்சு வழக்கம்போல இருக்கிறதா என்று முதலில் காது கொடுப்பேன். வேறு காரணம் ஒன்றுமில்லை, பழக்கம்.

ஜூலை 2, செவ்வாய்

மத்தியானம் சாப்பிட்டுப் படுத்திருந்தேன். பீரோவின் மேலிருந்து வயர்லெஸ் இரைந்தது. 'எந்த எடம், எந்த எடம்' என்று மலையாளத்திலும் தமிழிலும் மாறி மாறிக் கேட்டார்கள். எழுந்து பார்த்தேன். வயர்லெஸ் நீண்டகரையில் போட்டு முதலாளியின் வீட்டில் இருக்கிறது. இங்கே இருப்பது மார்க் மிஷின் மட்டும், அது பேசாது.

ஜூலை 3, புதன்

இன்றும்.

ஜூலை 9, செவ்வாய்

மேடம் வந்தார். கையில் சுருட்டிய கடல் வரைபடம். பிள்ளைக்குக் காய்ச்சல், டெல்பின் வேலைக்குப் போகவில்லை, இங்கேதான் ரோணிக்கத்தோடு உட்கார்ந்து பயறு உடைத்துக்கொண்டிருந்தாள்.

மேடம் தரையிலேயே வரைபடத்தை விரித்தார். கோபமெல்லாம் இல்லை, சிரித்துக்கொண்டேதான் பேசினார்.

"அண்ணாச்சி, எட்டு நாப்பத்திரண்டு, எழுபத்தஞ்சு அம்பத்தாறுன்னு சொன்னீங்கள்ல? இங்க பாருங்க, அந்த எடத்துல ஆழம் நூத்துப்பத்து மீட்டர்தான். உங்க கணக்குல அறுபது பாகம். இந்தச் சுறா அவ்வளவு மேல வராது. அதுக்கு முந்நூறு மீட்டர் சேறு வேணும். நூத்தியெழுபது பாகம். நான் வெட்டிப் பாத்த அத்தனைலயும் குட்டி இருந்துச்சு, எல்லாம் உங்க போட்டு. நீங்க இன்னும் மேக்க போயிருக்கணும்."

"மிஷின் தப்பாக் காட்டியிருக்கும்" என்றேன்.

"பரவால்ல அண்ணாச்சி. மார்க்க யாரும் லேசுல சொல்லமாட்டாங்கன்னு எனக்கும் தெரியும். ஆனா இந்த எடத்துல இந்த மீன் கெடையவே கெடையாது, அது மட்டும் நிச்சயம்."

பயறு உடைக்கிற சத்தம் நின்றிருந்தது. டெல்பின் நிமிர்ந்து மேடத்தைப் பார்த்தாள். "அந்த நம்பர இன்னொருக்க சொல்லுங்க" என்றாள். மேடம் சொன்னார். டெல்பின் எழுந்து வந்து வரைபடத்தில் மேடம் விரல் வைத்திருந்த இடத்தைக் குனிந்து பார்த்தாள். வெறும் வெள்ளைக் காகிதம், அதில் சின்னச் சின்ன எண்கள். பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

மேடம் டீ குடித்துவிட்டுப் போனார். நான் பஸ் ஸ்டாண்டுவரை கூடப் போனேன், மரியாதைக்கு. திரும்பிவர மனம் இல்லாமல் துறைமுகம் பக்கம் நடந்துகொண்டிருந்தேன்.

ஜூலை 10, புதன்

பிள்ளையை இங்கே கொண்டுவிடவில்லை.

ஜூலை 12, வெள்ளி

ஒழுக்கு நிற்கவில்லை. மறுபடி ஏறி ஓடு மாற்றினேன். கூரைமேல் நின்றால் டெல்பினின் வாசல் தெரியும். கொடியில் காஸ்மீரின் நீலச் சட்டை காய்ந்தது. மாதத்துக்கு ஒருமுறை துவைத்துப் போடுவாள். வந்தால் உடுக்க வேண்டுமல்லவா.

ஜூலை 14, ஞாயிறு

பூசைக்கு டெல்பின் வரவில்லை. திரும்பிவந்தால் என் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தாள். மடியில் பைபிளும் அந்தக் காகிதமும்.

"அண்ணே, இந்த மீன்தான அவரு கையில வச்சிருந்தது?"

"ம்."

"அந்தக் கடைசி மடியில வந்ததுதான?"

"ம்."

"அது அம்பத்தாறுல கெடையாதுன்னு அந்த மேடம் சொல்லுதா. அப்ப ஒனக்க மடி எங்க கெடந்துது?"

ரோணிக்கம் அடுப்படி வாசலில் நின்றாள். நான் அவளைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்க்கவில்லை. அவளுக்கும் அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

நான் நாற்காலியைப் போட்டு ஏறி மிஷினை இறக்கினேன். துவர்த்தை அவிழ்த்து, இன்வெர்ட்டர் பேட்டரியில் வயரைச் செருகினேன். ஆள் விழுந்தால் அமுக்க அதில் ஒரு பொத்தான் உண்டு. அந்த நேரத்தில் போட்டு நிற்கிற இடத்தை அது பிடித்து வைத்துக்கொள்ளும். திரையில் சின்னதாய் ஓர் ஆள் குறி. ஜனவரி பதினாலு, மூன்று ஏழு. எட்டு நாற்பத்திரண்டு, எழுபத்தைந்து நாற்பத்துநாலு.

டெல்பின் காகிதத்தைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தாள். ஐம்பத்தாறு. நாற்பத்துநாலு. பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறவள்போல ஒவ்வொன்றாக விரல் வைத்தாள்.

"இத அமுக்க ஓர்ம இருந்துது. சொல்ல ஓர்ம இல்லியா?"

சொன்னேன். இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொள்ளாததையெல்லாம் சொன்னேன். விழுந்ததும் போட்டைத் திருப்பினேன். வயர்லெஸ்ஸை எடுத்து ஆள் போச்சு என்று கத்தினேன். எந்த இடம் என்று பத்துக் குரல் கேட்டது. ஐம்பத்தாறு என்றேன். பொய் சொல்லவேண்டும் என்று சொல்லவில்லை, அந்த நாக்குக்கு வேறு எண்ணே தெரியாது. சொன்ன மறுநிமிஷம் எனக்கே தெரிந்துவிட்டது. திருத்தியிருக்கலாம். கையில் வயர்லெஸ் இருந்தது. பத்து நிமிஷத்தில் நானே அவனைத் தூக்கிவிடுவேன், எதற்கு மார்க்கைக் கொடுக்கவேண்டும் என்று நினைத்தேன். கடல் அமைதியாகத்தான் இருந்தது. பத்து நிமிஷம் அரைமணி ஆனது. அதற்குப் பிறகு திருத்தினால், அரைமணி ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள் என்று பயந்தேன். ஒரு மணி ஆனபிறகு இன்னும் பயந்தேன். ஆறு மணிநேரம் தனியாகச் சுற்றினேன். நீ எங்கே, உன்னைக் காணவில்லையே என்று அவர்கள் கூப்பிட்டார்கள். ஐம்பத்தாறுக்குப் போனேன். நீரோட்டம் கரைப்பக்கம்தான் தள்ளும், இங்கேதான் வருவான் என்று என் போட்டு ஆட்களிடம் சொன்னேன். அன்று நீர் தெற்கே இழுத்தது.

நாலு நாள் அவர்களோடு சேர்ந்து அங்கே தேடினேன். அவன் இல்லாத இடத்தில் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.

டெல்பின் அழவில்லை. "அவரு கெடந்திருப்பாரு" என்றாள். "ஒண்ணர நாளு கெடக்கத் தெரிஞ்ச மனுசன். நீங்க எல்லாரும் வருவீங்கன்னு பாத்துக் கெடந்திருப்பாரு."

பிறகு கேட்டாள்: "நீ செரியாச் சொல்லியிருந்தா மத்தப் போட்டு எத்தன மணிக்கூருல வந்திருக்கும்?"

"தெரியாது" என்றேன்.

"இன்னொண்ணு. அந்த மேடத்துக்க கையில ரெண்டு வருசமா மீனு கெடைச்சிருக்கு. அப்ப அதுக்குப் பொறவும் நீ அங்க மடி போட்டியா?"

எங்கள் கடலில் ஆள் போன இடத்தில் மடி போடுவதில்லை. ஸ்ராங்கு எவ்வளவு கெட்டவனாக இருந்தாலும் அதைச் செய்யமாட்டான். நான் போகாமல் இருந்தால் நல்ல மார்க்கை ஏன் விட்டான் என்று ஆட்கள் யோசிப்பார்கள். அதனால் போனேன். அது மட்டுமில்லை. ஏதாவது ஏறி வந்தால் அவளுக்கு ஒரு முடிவு கிடைக்குமே என்றும் போனேன். ஒவ்வொரு மடிக்கும் ஏதும் வந்துவிடக்கூடாதென்று வேண்டிக்கொண்டும் போனேன். இதை எப்படிச் சொல்வது. போட்டேன் என்று மட்டும் சொன்னேன்.

ரோணிக்கம் "ஏசுவே" என்றாள்.

டெல்பின் பைபிளை மூடி எழுந்தாள். வாசலில் நின்று, திரும்பாமல் சொன்னாள். "சாமிட்ட சொல்லிப் பாவமன்னிப்பு வாங்கிட்டு இருந்திராத. எங்க நின்னு பொய் சொன்னியோ, அங்க நின்னு சொல்லு. அத்தன பேருக்கும் கேக்கணும்."

ஜூலை 15, திங்கள்

எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 18, வியாழன்

அஞ்சலின் சுவருக்கு அந்தப்பக்கம் நின்று "மாமா, மாமா" என்று கூப்பிட்டாள். டெல்பின் அவளை உள்ளே கூட்டிப்போன சத்தம் கேட்டது. நான் பதில் கொடுத்திருக்கலாமா என்று தெரியவில்லை.

ஜூலை 21, ஞாயிறு

மன்றாட்டில் காஸ்மீர் பெயரை வாசிக்கவில்லை. இறந்தவர்கள் பட்டியலில் வாசித்தார்கள். கோயிலில் எல்லோரும் திரும்பி டெல்பினைப் பார்த்தார்கள். அவள் கறுப்புச் சேலையில் முன்வரிசையில் முட்டுப் போட்டிருந்தாள். கழுத்தில் ஒன்றும் இல்லை. இரண்டரை வருஷம் எல்லோரும் சொல்லிக் கேட்காதவள் இப்போது ஏன் கேட்டாள் என்று வெளியே ஆண்கள் பேசிக்கொண்டார்கள். லியோன்ஸ் என் தோளில் கைபோட்டு, "நல்லதாப் போச்சு வோய். நீருதான் எடுத்துச் சொல்லியிருப்பீரு" என்றான். அவன் போட்டுதான் அன்று நாலு நாளும் ஐம்பத்தாறில் முதலில் நின்றது.

கரையில் உண்மையைச் சொல்ல இருந்த ஒரே வாய்ப்பையும் விட்டுவிட்டேன்.

ஜூலை 27, சனி

நாளை மறுநாள் நீண்டகரைக்குப் புறப்படவேண்டும். ஐஸ், டீசல், வின்ச்சுக்கு எண்ணெய். போட்டு முதலாளி போனில் இறால் விலையைப் பற்றியே பேசுகிறார்.

இந்த முறை போகாமல் இருந்துவிட்டால் என்ன என்று ரோணிக்கத்திடம் கேட்டேன். முட்டி வலியைக் காரணம் சொன்னேன். அவள் பழைய செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொதியைக் கொண்டுவந்து வைத்தாள். டெல்பின் கொடுத்தாளாம். உள்ளே நீலச் சட்டை, தேய்த்து மடித்தது.

"அவரு கெடக்க எடத்துல போடச் சொன்னா" என்றாள் ரோணிக்கம். "நீங்க போகாட்டி வேற எந்த ஸ்ராங்குட்ட கொடுக்கது? யாருக்கு அந்த எடம் தெரியும்?"

ஆகஸ்ட் 1, வியாழன்

விடியலில் கிளம்பினோம். துறைமுகம் முழுக்கப் போட்டு, வெடி, பாட்டு. வயர்லெஸ்ஸை மாட்டினேன். மிஷினை மாட்டினேன். ஆட்கள் மேற்கே எவ்வளவு தூரம் என்று கேட்டார்கள். நாளைக் காலை என்றேன்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

தேதி மேலே இருக்கிறது. இடம்: வடக்கு எட்டு நாற்பத்திரண்டு, கிழக்கு எழுபத்தைந்து நாற்பத்துநாலு. ஆழம்: நூற்றெழுபது பாகம். மீன்: மடி போடவில்லை.

குறிப்பு. காலை எட்டரைக்கு இங்கே வந்து என்ஜினை நிறுத்தினேன். ஆட்கள் மடியை எடுத்துவைத்துக் காத்திருந்தார்கள். பின்பக்கம் கம்பி இல்லாத இடத்தில் உட்கார்ந்து சட்டையைத் தண்ணீரில் விட்டேன், எறியவில்லை. கை நீட்டிப் பிரிந்து கொஞ்சநேரம் மிதந்தது. ஈரம் ஏறியதும் சாய்ந்து இறங்கியது. கீழே பச்சைக் கண்ணோடு அதுகள் இருக்கும். அன்று விட்ட இரண்டும் பிழைத்திருந்தால் இப்போது குட்டி போடுகிற வயது.

வயர்லெஸ்ஸில் பத்துப் பதினைந்து பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். லியோன்ஸ் என்னைக் கூப்பிட்டு, "எங்க நிக்கீரு ஸ்ராங்கே?" என்றான்.

சொன்னேன். நாற்பத்துநாலு என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். "ரெமிஜியுஸ் ஸ்ராங்கு மார்க் சொல்லிட்டாரு, எல்லாரும் கெழக்க ஓடுங்கடே" என்று ஒருவன். "அப்ப அந்த எடம் மட்டும் வேண்டாம்" என்று இன்னொருவன். எனக்கும் உதட்டில் சிரிப்பு வந்துவிட்டது. அங்கேயே விட்டிருந்தால் சொன்னதாகவும் ஆகியிருக்கும், ஒருவரும் நம்பாமலும் போயிருக்கும். சொல்லிவிட்டேன் என்று டெல்பினிடம் சத்தியம்கூடச் செய்யலாம். அந்த எண்ணம் வந்தது, மறைக்கவில்லை.

மறுபடி வயர்லெஸ் பொத்தானை அமுக்கினேன். "இது காஸ்மீரு விழுந்த எடம்" என்றேன். "அன்னைக்கு நான் சொன்ன எடம் பொய். நீங்க தேடுனது பன்னெண்டு மைல் தள்ளி. இஞ்ச ஒருத்தரும் தேடல்ல. நான் மார்க்கக் கொடுக்கல்ல."

சிரிப்பு நின்றது. என் போட்டில் மடியைப் பிடித்திருந்த ஐந்து பேரும் அதை அப்படியே கீழே வைத்தார்கள். லியோன்ஸ்தான் கடைசியில் பேசினான். குரல் அவனுடையதாக இல்லை. "இன்னொருக்க சொல்லும்" என்றான். எண்ணை மறுபடி சொன்னேன். அவனும் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தான். பிறகு எல்லோருக்குமாக, "அங்க இனி ஒருத்தனும் மடி போடப்பிடாது, கேட்டுதா" என்றான். மேடத்துக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. இந்த நோட்டை நீண்டகரையில் கொடுத்துவிடுவேன், மிச்சத்தைக் கிழிக்கமாட்டேன்.

என்ன செய்வதென்று தெரியாமல் கிழக்கே பார்த்துக்கொண்டு நின்றேன். முதலில் லியோன்ஸின் போட்டு தெரிந்தது. அதற்குத் தெற்கே இன்னொன்று. பிறகு நாலைந்து. பக்கத்தில் வந்து ஒவ்வொருவராக என்ஜினை நிறுத்தினார்கள். தொப்பியைக் கழற்றிக்கொண்டு தண்ணீரைப் பார்த்து நின்றார்கள்.

மற்றப் போட்டு எத்தனை மணிநேரத்தில் வந்திருக்கும் என்று டெல்பின் கேட்டதற்குப் பதில் இது. நான் கூப்பிட்டது ஒன்பது பத்துக்கு. லியோன்ஸ் வந்து சேர்ந்தது பத்து இருபத்தைந்துக்கு.